தேன்பாறைக்கு ஒரு கேமரா

"ஹலோ... ஆமா, ஷர்மிளாதான் பேசுறேன்... யாரு, ஒச்சண்ணனா... சொல்லுங்கண்ணே, சொல்லுங்க... கேக்குது, நல்லாவே கேக்குது... நான் கொடைக்கானல்லதான் இருக்கேன், ஏரிக்கரையில... சோலிதாண்ணே, வேறென்ன. புதுசா ஒரு கேமரா வந்திருக்கு, காலையில இருந்து அதோட மல்லுக்கட்டிக்கிட்டு நிக்கிறேன்..."

பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண் ஷர்மிளா. கடையில் ஒரு மணி நேரம் உட்காரச் சொன்னால் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். மலையேறி வந்து நாள் பூராவும் குளிரில் நின்று வீடியோ எடுக்கச் சொன்னால் மட்டும் ஒரு வலியும் வராது. விலை குறைந்த குட்டிக் கேமராக்களை வாங்கிச் சோதித்துப் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று யூடியூபில் சொல்வதுதான் அவள் பிழைப்பு. ஒச்சன் ஆடலூருக்குக் கீழே காட்டோரம் குடியிருப்பவர். காப்பித் தோட்டத்து வேலை போக, சீசனில் பாறைத் தேன் எடுப்பார். போன பங்குனியில் அவளுக்கு வழிகாட்டியாகக் காட்டுக்குள் வந்தவர். தானாக அவர் போன் பண்ணியது இதுதான் முதல் தடவை.

"என்னது, கேமராவா... உங்களுக்கா... அட, நீங்களும் யூடியூப்ல எறங்கி என் பொழப்பைக் கெடுக்கப் போறீங்களா... சும்மா சொன்னேண்ணே... சரி, சரி... சின்னதா இருக்கணும், வெல கொறைச்சலா இருக்கணும், வீடியோ தெளிவா விழணும். அவ்வளவுதான. இதைத்தான ஊரே என்கிட்டக் கேக்குது... கேளுங்க. சட்டைப்பையில போடுற மாதிரி ஒண்ணு இருக்கு. பகல் வெளிச்சத்துல பிரமாதமா எடுக்கும், ஃபுல் எச்டி, ஏமாத்தே இல்ல. ஆனா பொழுது சாஞ்சா குருடு. எல்லாம் புள்ளி புள்ளியாத்தான் விழும்... ஆமா, ஆமா... இன்னொண்ணு, மழையில கெடந்தாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா தூரத்துல இருக்கிறதக் கிட்ட இழுத்துப் பாக்க முடியாது... மூணாவது, அன்னைக்கு நம்ம கொண்டாந்தோமே, கறுப்பா, குட்டியா... அதேதான், அதேதான். அதோட ஜூம் ஒண்ணுக்கே காசு குடுக்கலாம். ஆனா அரை மணி ஓடுனா தானா நின்னுக்கும். திரும்ப ஆள் போயி அமுக்கணும்..."

தொழில் பேச்சு என்றால் அவளுக்கு மூச்சு வாங்காது. முக்காலியில் நின்ற புதுக் கேமராவை அணைத்துவிட்டு, ஏரியைச் சுற்றும் குதிரைக்காரர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"மரத்துல கட்டி வைக்கணுமா... ராத்திரி பூராவுமா... எதுக்குண்ணே, யானை கீனை வருதா... ஆளா... என்ன ஆளு... தேன்பாறையிலயா."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எப்பண்ணே... பூராவுமா... ஒரு தேனடை கூடவா விடல... தீ வச்சா... புழு வளர்ற அடையக் கூட விடலையா... ஈ எல்லாம் செத்துக் கெடக்கா... இல்லண்ணே, இருக்கேன். லைன்லதான் இருக்கேன். சொல்லுங்க."

ஷர்மிளா அந்தத் தேனடைகளைப் பார்த்திருக்கிறாள். பங்குனியில் மூன்று கேமராக்களை ஒன்றாக வைத்துச் சோதிக்க, தூரத்தில் சின்னதாக ஏதாவது வேண்டும் என்று கேட்டாள். ஒச்சன் ஒரு வழுக்குப் பாறைக்குக் கூட்டிப்போய் எதிர்மலையைக் காட்டினார். தேன்பாறை என்ற செங்குத்துப் பாறையில் வரிசையாகக் கறுப்புக் கறுப்பாகத் தேனடை தொங்கியது. காட்டியதற்குக் கூலி கூட வாங்கவில்லை. இடத்தை மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதே தாயி என்று கேட்டுக்கொண்டார். அவளும் சத்தியமாகச் சொல்ல மாட்டேன் என்றாள். வீடியோவில் சொல்லவும் இல்லை. 'பாருங்க, அந்தக் கோடியில இருக்கிற அடைய ஒண்ணொண்ணா எண்ணலாம்' என்று கேமராவைத்தான் புகழ்ந்தாள். ஆனால் கீழே கமெண்டில் ஒருத்தன், அக்கா உங்களை மாதிரி யாரும் சோதிக்க முடியாது என்று ஐஸ் வைத்துவிட்டு, இது எந்த இடம் என்று கேட்டிருந்தான். கேட்டவர்களுக்கு உடனே பதில் போட்டால் பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறும். பதில் போட்டாள்.

யார் செய்த வேலை என்பது இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் வாய் என்னவோ கேமராவைப் பற்றித்தான் பேசியது.

"அண்ணே, நான் சொன்ன மூணும் இதுக்குச் சரிப்படாது. பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல படுத்துரும். பனியில லென்ஸு வேர்த்துரும்... ஆள் அசைஞ்சா தானா ஓடுற மாதிரி ஒரு கேமரா இருக்கு, இருட்டுலயும் தெரியும்... அதெல்லாம் நீங்க ஒண்ணும் குடுக்க வேணாம், நான் வாங்கித் தர்றேன்... இல்ல, இல்ல, சும்மாதான். நீங்க அன்னைக்கு எனக்குச் செஞ்சீங்கல்ல... பெரிய மனசெல்லாம் இல்லண்ணே. அப்படிச் சொல்லாதீங்க."

அவர் நன்றி சொல்லச் சொல்ல அவளுக்குக் காது கூசியது. அத்தோடு போனை வைத்திருந்தால் ஒரு கேமராவைக் கொடுத்து மனசைச் சமாதானப்படுத்தியிருப்பாள். அவள் கெட்ட நேரம், ஒன்றைக் கேட்டுவிட்டாள்.

"வெட்ட வேண்டியத எல்லாம் வெட்டிட்டுப் போயிட்டானே. இனி யாரப் புடிக்கண்ணே கேமரா... திரும்ப வருவான்னு எப்படிச் சொல்றீங்க... யாருன்னு தெரியுமா... யாரு... உங்க மச்சானா. ஜெயபிரகாஷா."

ஜெயபிரகாஷ் ஒச்சனின் மனைவி அம்சவள்ளிக்குத் தம்பி. தேன் எடுக்க ஒச்சன் பாறையில் இறங்கும்போது, மேலே நின்று கயிறு பிடிப்பவன் அவன்தான். அங்கே எல்லாக் குடும்பத்திலும் அந்தக் கயிறு மனைவியின் உடன்பிறந்தவன் கையில்தான் இருக்கும். அக்காளைத் தாலியறுக்க விடமாட்டான் என்ற நம்பிக்கை. இதையெல்லாம் ஒச்சனே அன்றைக்குப் பாறை மேல் உட்கார்ந்து பெருமையாகச் சொல்லியிருந்தார்.

"அவரு ஏண்ணே எடுக்கப் போறாரு... எடம் தெரிஞ்சவங்க ரெண்டே பேருதான், சரி... ஆமா... அவரு புது வண்டி வாங்குனா அது தேன் வித்த காசுன்னு ஆயிருமா... அய்யம்பாளையத்துல தேங்காக் களத்துக்கு வேலைக்குப் போறாருன்னு நீங்கதான சொன்னீங்க... ஊர்ல கூட்டம் போட்டீங்களா... சூடம் அணைக்கச் சொன்னீங்களா. உங்க சொந்த மச்சானையா... என்னைக்கு... நேத்தா... அணைச்சாரா... புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டா அணைச்சாரு..."

கற்பூரத்தைக் கொளுத்தி, நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்து கையால் அணைப்பது அந்த மலையில் கடைசி வழக்கு. அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். இடுப்பில் பிள்ளையோடு அணைத்தவனை நம்பாமல் இருக்க ஒரு மனுஷனால் முடியுமா என்று ஷர்மிளாவுக்குத் திகைப்பாக இருந்தது.

"சூடமே அணைச்சுட்டாரே, அப்புறம் என்னண்ணே... இன்னும் நம்பிக்கை வரலையா... கேமராவுல விழுந்தாத்தான் நம்புவீங்களா... அம்சவள்ளி அக்கா என்ன சொல்றாக... ரெண்டு நாளா உங்களோட பேசலையா... அண்ணே, அண்ணே, ஒரு நிமிசம். நான் சொல்றதக் கேளுங்க. உங்க மச்சான் எடுக்கல."

முக்காலியின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி பின்வாங்க முடியாது.

"எனக்குத் தெரியும்... எப்படின்னா... அந்த வீடியோவப் பாத்துட்டு யாராவது வந்திருக்கலாம்ல... ஆமா, நம்ம எடுத்த வீடியோதான்... இல்லண்ணே, நான் நல்ல புள்ளையெல்லாம் கெடையாது. நீங்க நடுவுல பேசாதீங்க... வீடியோல எடம் சொல்லலதான். பாறையப் பாத்தா ஒருத்தனுக்கும் தெரியாதுதான்... மனசுல போட்டுக்கிறேன்னு இல்லண்ணே... ஐயோ, எனக்கு ஆறுதல் சொல்லாதீங்க. நான் எழுதிக் குடுத்திருக்கேன். வழி கேட்டான் ஒருத்தன், எழுதிக் குடுத்துட்டேன்... நம்ப மாட்டீங்களா... சரி, இருங்க. வாசிக்கிறேன். நானே எழுதுனது. கேளுங்க."

பேச்சை நிறுத்தாமலே அந்த வீடியோவைத் தேடி எடுத்தாள். அவசரத்தில் இரண்டு தடவை வேறு வீடியோவைத் திறந்துவிட்டாள். பங்குனியில் குஷியில் எழுதியதைச் சித்திரையில் வாசிக்க வேண்டியிருந்தது.

"'வாங்க ப்ரோ. ஆடலூர் பஸ்ல வந்து கடைசிக் காப்பித் தோட்டத்துல எறங்குங்க. கேட்டுக்கு எடப்பக்கம் ஒத்தையடிப் பாதை. ஓடையத் தாண்டி ஏறுனா வழுக்குப் பாறை. அங்க நின்னா எதிர்த்தாப்புல தேனடை. சூப்பர் இடம், மிஸ் பண்ணாதீங்க...' அவ்வளவுதாண்ணே... இன்னும் இருக்கு. அவன் திரும்ப எழுதியிருக்கான். 'நேர்ல போய்ப் பாத்தோம், தேங்க்ஸ் அக்கா'ன்னு. அதுக்கு நான் ஹார்ட்டு போட்டிருக்கேன்... ஹார்ட்டுன்னா... சந்தோசம்னு அர்த்தம்ணே."

அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு கோழி கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

"அண்ணே... திட்டுங்கண்ணே. என்ன வேணா திட்டுங்க... நான் நேர்ல வர்றேன். கூட்டத்துல வந்து சொல்றேன். போலீஸு, பாரஸ்ட்டு, எங்க கூப்பிட்டாலும் வந்து இந்தப் போனக் காட்டுறேன்... இப்பவே அழிச்சுடுறேன், ஆனா அவன் பேரு வேணும்ல, அதான் வச்சிருக்கேன்... ஆமா... ஆமா... ஜெயபிரகாஷ்ட்டயா... எங்க இருக்காரு... பக்கத்து வீடுதானா... குடுங்க, நானே சொல்றேன். உங்களுக்குச் சொல்ல வாய் வராது, நான் சொல்றேன். குடுங்கண்ணே."

ஒச்சன் நடந்துபோவது கேட்டது. சருகு மிதிபடும் சத்தம், ஒரு நாய் குரைத்து அடங்கியது, பெண் குரல் ஒன்று என்னவோ கேட்டது. ஷர்மிளாவுக்குக் கொஞ்சம் மூச்சு திரும்பியது. சொல்லிவிட்டோம், நல்லவேளை, ஒரு குடும்பம் பிழைத்தது என்று நினைத்தாள். செய்த தப்பைத் திருத்துகிற அவசரம் வந்துவிட்டால் மனுஷர்கள் தப்பைச் செய்தபோது இருந்ததை விட வேகமாகிவிடுகிறார்கள்.

"ஹலோ... ஜெயபிரகாஷ்ணே, நான் ஷர்மிளா. பங்குனியில கேமராவோட வந்தேன்ல, அந்தப் பொண்ணு... ஆமாண்ணே... உங்க மேல ஒரு தப்பும் இல்ல. தேன எடுத்தது நான் எழுதுனதப் பாத்து வந்த வெளியாளுக. தப்பு பூரா என்னது... ஆமா, ஒச்சண்ணன்ட்ட எல்லாத்தையும் வாசிச்சுக் காட்டிட்டேன். அவருக்கும் வெளங்கிருச்சு... என்னய மன்னிச்சுருங்கண்ணே. புள்ளையத் தூக்கிக்கிட்டுச் சூடம் அணைச்சீங்கன்னு கேட்டதும் எனக்கு உசிரே இல்ல... சரிங்க... சரிங்க... பெரிய மனசு உங்களுக்கு. இனி அந்தப் பேச்சே வராது. அவருக்கு இனி கேமராவும் தேவப்படாது."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"எந்தக் கேமராவா... அது... அது ஒண்ணுமில்லண்ணே, சும்மா வெல வெசாரிச்சாரு... யானை... யானை வருதான்னு பாக்க... இல்ல, தேன்பாறையிலதான்... மரத்துல கட்டத்தான்... எப்பக் கேட்டாருன்னா... இன்னைக்கு. இப்பத்தான்... ஆமா, நேத்துச் சூடம் அணைச்சது தெரியும்ணே..."

பொய் சொல்லத் தெரியாதவள் இல்லை ஷர்மிளா. ஓட்டைக் கேமராவைக் கூட, பரவாயில்லை, வாங்கலாம் என்று சிரித்த முகத்தோடு சொல்லியிருக்கிறாள். அந்தச் சாமர்த்தியம் இன்றைக்கு வரவில்லை.

"அண்ணே, அவரு ஏதோ வயித்தெரிச்சல்ல கேட்டுட்டாரு. சீசன் தேன் பூராவும் போச்சுல்ல... ஆமா, உங்களுக்கும் சேத்துத்தான் போச்சு... கோவப்படுங்க, கத்துங்க, இப்படி மெதுவாப் பேசாதீங்கண்ணே, பயமா இருக்கு... அவரு பக்கத்துலதான நிக்கிறாரு... அழுகுறாரா... அப்ப விட்டுருங்களேன்... நான் காலையில வெள்ளனே கெளம்பி அங்க வர்றேன். உங்க கால்ல வேணாலும் விழுறேன்..."

பனி ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குதிரைக்காரன் ஒருவன், முக்காலியை எடும்மா என்றான். அவள் காதில் அது விழவில்லை.

"என்ன சொல்றீங்க... இல்லண்ணே, அந்த வார்த்தைய விட்டுறாதீங்க... தேனீ திரும்ப வரும்ணே, அடுத்த வருசம் அடை கட்டும். அவரு எறங்கத்தான செய்வாரு. அவருக்குத் தெரிஞ்ச தொழில் அதான... நீங்க கயிறு பிடிக்க மாட்டேன்னா அம்சவள்ளி அக்கா மொகத்தையாவது நெனச்சுப் பாருங்க... நம்பாத ஆளுக்கு எப்படிக் கயிறு பிடிக்கிறதா... அது... நீங்க கேக்குறது நாயந்தான். நாயந்தாண்ணே... ஆனா அப்ப அவருக்கு யாரு கயிறு பிடிப்பா... ஹலோ... ஜெயபிரகாஷ்ணே... ஹலோ..."

ஜெயபிரகாஷ் போனை வைத்துவிட்டான்.