ஸ்டோர் ரூம் கதவு

தஞ்சாவூரிலிருந்து திருவிடைமருதூர் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள்.

"இன்னைக்கு ஒரு அம்மாவை வீட்டை விட்டு அனுப்பிட்டேன்க்கா," என்றாள் இளையவள், கண்ணைக் கசக்கிக்கொண்டே. இன்ஜினியர் ஆபீசில் கம்ப்யூட்டரில் வீட்டு பிளான் வரைகிறவள்போல.

"என்னடி சொல்ற?"

"துபாய்ல இருக்கிறவரு கட்டுற வீடு. ஏழாவது தடவையா பிளானை மாத்தச் சொல்றாரு. 'அம்மா தம்பி வீட்டுலயே இருக்கட்டும், அவங்க ரூமை ஸ்டோர் ரூமாக்கிடுங்க'ன்னாரு. ஆக்கிட்டேன்."

"நீ என்ன பண்ணுவ, பாவம். என் பொண்ணு வேற இதைத்தான் படிக்கப்போறேங்கிறா."

"படிக்கட்டும்க்கா. கதவை மட்டும் நான் குறைக்கலை. அந்தம்மா வீல்சேர் போற அகலத்துலயே விட்டுட்டேன்."

"அவரு கேட்டா?"

"நெல்லு மூட்டை உள்ள போகணும்ல சார்னு சொல்லுவேன்."