குஞ்சுகள் பறக்கும் வரை

2024 ஜனவரி 6ஆம் திகதி காலை, ராகலையில் உள்ள என் வீட்டுக் கூரையில் நாற்பத்தொரு புறாக்கள் இருந்தன.

புறாக்களை விரட்ட அதிகச் செலவு தேவையில்லை. கல்லெறியவோ விஷம் வைக்கவோ வேண்டியதும் இல்லை. அவை உட்காரும் விளிம்பில் ஒரு பலகையைச் சரிவாக அடித்துவிட்டால் கால் நிலைக்காது. பலகை இல்லாத இடத்தில் நைலோன் நூலை விறைப்பாக இழுத்துக் கட்டலாம். எச்சத்தைத் தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகுதான் கழுவ வேண்டும். காய்ந்தபடியே கூட்டினால் தூசு நெஞ்சுக்குக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், தீனி கிடைக்கக் கூடாது. அது கிடைக்கும்வரை மற்ற எதைச் செய்தும் பயனில்லை.

என் வீட்டில் தீனி போட்டவர் பொன்னையா.

முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற பிறகு இந்த வீட்டை வாங்கினேன். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கராக இருந்தவர் கட்டிய வீடு. அறைக்கு அறை கணப்படுப்பும் புகைபோக்கியும் உண்டு. கிளாக்கரின் மகள் வெளிநாட்டிலிருந்து வந்து விற்றபோது உறுதிப் பத்திரத்தில் ஒரு வரி சேர்த்தார்: வீட்டுச் சமையல்காரர் பொன்னையா சாகும்வரை பின்னறையில் இருக்கலாம். நான் சம்மதித்துத்தான் கையெழுத்து வைத்தேன். முன்பக்கத்து மூன்று அறைகளையும் உல்லாசப் பயணிகளுக்கு விட்டேன்.

பொன்னையாவுக்கு எழுபத்துநாலு வயது. கெட்டவர் அல்ல. காலையில் விருந்தினர் சாப்பிடும்போது தானாகவே வந்து நின்று பேசுவார்.

"மாஸ்டர் பொறந்தது தோட்டத்து ஆளுங்க இருக்குற கீழ் லயத்துல, நாலாம் காம்பராங்க. மழை பேஞ்சா சட்டிய வச்சிட்டு விடிய விடிய முழிச்சிருப்பாங்க. இவங்கப்பா ஆண்டியப்பன் இந்த வீட்டுப் பின்வாசல்லதான் நிப்பாரு. மீந்த சோத்த நான்தான் அள்ளிப் போடுவேன். இன்னைக்கு மகன் இந்த வீட்டுக்கே சொந்தக்காரரு, பாருங்க."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் பெருமையாகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். கேட்டவர்கள் என்னை வேறு கண்ணால் பார்ப்பார்கள், பிறகு இன்னும் அன்பாகப் பேசுவார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண் இணையத்தில் எழுதினாள்: அறைகள் சுமார், உரிமையாளரின் ஏழ்மைக் கதை மனதைத் தொட்டது. அதைப் படித்துவிட்டுத்தான் பலர் வந்தார்கள்.

டிசம்பரில் ஒருநாள் சொன்னேன், "புறாவுக்குச் சோறு போடாதீங்க பொன்னையா. கூரையெல்லாம் அசிங்கமாகுது."

"ஒங்கப்பாவுக்குப் போட்ட கை மாஸ்டர். சும்மா இருக்கச் சொன்னா இருக்குமா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

நான் அவருடைய மற்றொரு பழக்கத்தையும் இரண்டு வருடமாகப் பார்த்திருந்தேன். அவருக்கு இழுப்பு உண்டு, புகை ஆகாது. அதனால் தேயிலைக் கட்டைகளை முற்றத்தில் போட்டு எரித்து, புகை முழுக்க அடங்கிய பிறகு, தணலை மட்டும் இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டுபோய் அறையின் கணப்படுப்பில் வைப்பார். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கதவிடுக்கில் சாக்கைச் செருகிவிட்டு ஒரு தூக்கம் போடுவார். தணல் புகையாது. புகைபோக்கி இழுக்காவிட்டால் அறையில் சேரும் நச்சுக் காற்று கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது. படித்தவன் யாரும் இதை அறிவான்.

ஜனவரி இரண்டாம் வாரம் நிப்ராஸின் ஹாட்வெயார் கடையில் நூலும் ஆணியும் வாங்கினேன்.

"வெரட்டவா மாஸ்டர் இவ்வளவு பாடு? என்கிட்ட சொல்லுங்க, சூப்பு வச்சிருவோம்" என்றான்.

ஒரு துண்டுத் தகரமும் வேண்டும், புகைபோக்கிக்கு என்றேன்.

"தகரமா? வேணாம் மாஸ்டர். கம்பி வலை போதும். தகரத்த அடிச்சா அந்தக் காத்து எங்கால போறது?"

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி இரண்டையும் வாங்கிவந்தேன். இரண்டும் தேவைப்படும் என்று எனக்குத் தெரியும்.

ஏறிப் பார்த்தபோது பின்னறைப் புகைபோக்கியின் ஓரத்தில், சூடு படும் பக்கமாக, ஒரு கூடு இருந்தது. உள்ளே இரண்டு குஞ்சுகள். இன்னும் கண் திறக்கவில்லை. இந்த இடத்தில்தான் பலர் தவறு செய்கிறார்கள். கூட்டைத் தள்ளிவிடுகிறார்கள், அல்லது குஞ்சுகள் உள்ளே இருக்கும்போதே அடைத்துவிடுகிறார்கள். ஒரு மாதம் பொறுத்தால் அவை தாமாகவே பறந்துவிடும். நான் பொறுத்தேன். அதுவரை மற்ற வேலைகளைப் பார்த்தேன். விளிம்புகளுக்குப் பலகை அடித்தேன். பின்னறையின் மேல்சுவரில் மூன்று காற்றுத் துவாரங்கள் இருந்தன; புறா நுழையாதபடி அவற்றையும் அடைத்தேன்.

பொன்னையாவுக்கு இது பிடித்துப்போனது. "வேற ஆளா இருந்தா அடிச்சுத் தின்னிருப்பான். மாஸ்டருக்கு அந்தக் கொணம் இல்ல. ஆண்டியப்பனும் அப்படித்தான், அட்டையக்கூடக் கொல்ல மாட்டாரு, உதறித்தான் விடுவாரு" என்றார்.

பெப்ரவரி 10ஆம் திகதி இரண்டாவது குஞ்சும் பறந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை தகரத்துடன் ஏறினேன். ஏணியைப் பிடித்துக்கொண்டவர் பொன்னையா. நான்காவது ஆணியை அடித்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து கேட்டார்.

"காத்துப் போக வழி விட்டிருக்கீங்கதானே மாஸ்டர்?"

"இருக்கு" என்றேன்.

இந்த விஷயத்தில் அவர் உயிரோடிருக்கும்வரை நான் சொன்ன பொய் இது ஒன்றுதான். அவர் நம்பினார். இறங்கும்போது கால் இடறாமல் என் கணுக்காலைப் பிடித்துப் படியில் வைத்தார்.

இரண்டு நாள் நல்ல வெயில். அவர் தணல் போடவில்லை. புதன்கிழமை காலையிலிருந்தே மூடுபனி இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு முற்றத்தில் கட்டைகளை எரித்தார். ஒரு மணிக்குச் சட்டியைத் தூக்கிக்கொண்டு என் ஜன்னலைக் கடந்து போனார். எனக்கும் ஒரு சட்டி தணல் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். விடைத்தாள் திருத்தும் காலத்துப் பழக்கத்தில் மணிக்கூட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்குக் கதவைத் தள்ளித் திறந்தேன். கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கூப்பிட்டேன், எழவில்லை. மூச்சு இருந்ததா என்று கவனிக்கவில்லை. முதலில் ஏணியை எடுத்தேன். துவாரங்களில் இருந்த பலகைகளைக் கழற்றினேன். பிறகு கூரைக்குப் போய்த் தகரத்தைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலையை அடித்தேன். பிடிக்க ஆளில்லாததால் ஏணியில் மெதுவாகத்தான் ஏற வேண்டியிருந்தது. எல்லாமாக நாற்பது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு அம்புலன்ஸுக்குச் சொன்னேன்.

வந்தவர்கள் பார்த்துவிட்டு, உடம்பு இன்னும் சூடாக இருக்கிறது, கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம் என்றார்கள். கணப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்தால் சூடு இருக்கத்தான் செய்யும்.

திடீர் மரண விசாரணையில் புகைபோக்கியைப் பற்றிக் கேட்டார்கள். வலை போட்டிருப்பதாகச் சொன்னேன், வந்து பார்த்தார்கள், வலை இருந்தது. கதவிடுக்கில் சாக்கைச் செருகித் தணலோடு தூங்கியதால் நேர்ந்த விபத்து என்று எழுதினார்கள். வலியே தெரிந்திருக்காது என்றார் டொக்டர். அது எனக்கு ஏற்கெனவே தெரியும். வலி தெரிகிற வழியாக இருந்திருந்தால் நான் அதைச் செய்திருக்க மாட்டேன்.

அவருடைய மகள் கிருஷாந்தி வத்தளையில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். வந்து பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். செலவையெல்லாம் நான் பார்த்துக்கொண்டேன்.

"போன மாசம் போன்ல சொன்னாருங்க மாஸ்டர். குஞ்சுங்க பறக்குற வரைக்கும் பொறுத்துக்கிட்டு இருக்காரு, இந்த மாதிரி ஒரு மனுசன்கிட்ட நான் இருக்கேன், நீ கவலப்படாதன்னு."

அவர் அப்படித்தான் பேசுவார் என்றேன். ஆண்பிள்ளை இல்லாத மனிதர் என்பதால் குழியில் முதல் பிடி மண்ணை நான் போட வேண்டும் என்று அவள் கேட்டாள். போட்டேன்.

ஏப்ரல் விடுமுறைக்குப் பின்னறையில் நீர்கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் வந்து நான்கு நாள் தங்கியது. காலைச் சாப்பாட்டின்போது வீட்டைப் பற்றிக் கேட்டார்கள். நான் பிறந்ததே இந்த வீட்டில்தான் என்று சொன்னேன்.