அருவிக்கரை மீட்டிங்

— பள்ளிக்கூட மீட்டிங்குக்கு நான் எதுக்குலே வரணும்? சீசன் நேரம். ஒருநாள் மெயினருவியை விட்டு நகந்தா, எம் எடத்துல வேற ஒருத்தன் மசாஜ் பண்ண எண்ணெய்ச் சட்டியோட உக்காந்துருவான், பாத்துக்கோ.

— எல்லார் வீட்லயும் வாராவ யப்பா. ஒங்க வீட்ல மட்டும் ஏன் ஒருத்தரும் வரலைன்னு பெரிய டீச்சர் கேக்காவ.

— ஏலே முத்துச்செல்வம், மத்தவன்லாம் வருசத்துக்கு ரெண்டு மட்டம் வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போவான். நான் ஞாயித்துக்கிழமை தோறும் உங்க கணக்கு சார்கிட்ட மீட்டிங் போடுதேன், பாத்துக்கோ. விஸ்வநாதன் சார் அருவிக்கு வந்தா நேரா எங்கிட்டதான் வந்து குப்புறப் படுப்பாரு.

— தெரியும்.

— உச்சந்தலையில இருந்து உள்ளங்கால் வரைக்கும் பிடிச்சு விடுதேன். காசு நீட்டுனாக்கூட வாங்க மாட்டேன்.

— அவரு என்னைக்கு நீட்டுனாரு?

— அது கெடக்கட்டும்லே. முதுகைத் தேய்க்கும்போது மெதுவாக் கேப்பேன், ‘சார், பய எப்படிப் படிக்கான்’னு. கண்ணைத் தொறக்காம, ‘அருமையாப் படிக்கான் பெருமாளு’ம்பாரு. எனக்கு அன்னைக்குச் சோறே வேண்டாம்.

— ரெண்டு டெஸ்ட்லயும் கணக்குல ஃபெயிலு யப்பா.

— சும்மா சொல்லாதலே! சார் எங்கிட்ட எதுக்குப் பொய் சொல்லுதாரு?

— அவருக்கு எம் பேரே தெரியாது. கிளாஸ்ல ‘ஏ எண்ணெய்ச்சட்டி’ன்னுதான் கூப்பிடுவாரு. ஒருநாள் போர்டுல கணக்கு வரலை. ‘ஒங்கப்பன் கைக்கு இருக்க வெவரம் ஒன் மண்டைக்கு இல்லையே’ன்னாரு. எல்லாப் பயலும் சிரிச்சானுவ. அப்புறம் சந்தேகம்னு எந்திரிச்சாலே, ‘உக்காரு, ஒனக்கு எதுக்குடா கணக்கு’ம்பாரு.

— இதை ஏம்லே எங்கிட்ட சொல்லலை?

— சொல்ல வந்தேன். ‘சாரே சொல்லிட்டாரு, நீ வாயை மூடு’ன்னிய.

— ஒனக்கு வேண்டித்தானலே செஞ்சேன். இந்த எண்ணெய் எங்கூடப் போவட்டும்னுதானலே அந்த ஆளு காலைப் பிடிச்சேன். பிளஸ் டூ வரைக்கும் ஒன்னைய என்னைக்காவது அருவிக்கரைக்கு வர விட்டிருக்கேனா? ஒரு குப்பியைத் தொட விட்டிருக்கேனா?

— இல்லை.

— நெஞ்சு எரியுதுலே... சரி, அழாத. சாருக்கு ஏதோ மனத்தாங்கல், பாத்துக்கோ. போன வாரம் கூட்டத்துல அவரைச் சரியாக் கவனிக்கலை. இண்டர்னல் மார்க்கு அவரு கையிலதானலே இருக்கு? நாளைக்கு வீட்டுக்கே போயி, ஒரு மணி நேரம் நல்லா அழுத்தித் தேய்ச்சுட்டு வாரேன்.

— நீங்க போவாண்டாம் யப்பா. ஒங்க கையில இப்ப வலுவில்லையாம். மார்க்கு வேணும்னா வான்னு நேத்து சாயந்திரம் என்னைய வீட்டுக்குக் கூப்பிட்டு, எண்ணெய்ச் சட்டியை எங் கையில குடுத்துட்டாரு.