கோப்பை கழுவும் வேடத்தை மறுத்தவர்கள்

பெரிய நடிகர்கள் எல்லோருக்கும், வேண்டாம் என்று கைவிட்ட ஒரு படம் இருக்கும். சினிமாப் பத்திரிகைகளில் நான் விரும்பி வாசிப்பது அந்தப் பக்கத்தைத்தான். திகதி ஒத்துவரவில்லை, கதை பிடிக்கவில்லை, கதாநாயகி உயரம் கூட என்று ஏதோ ஒரு காரணத்தால் ஒருவர் விட்டுவிடுவார். இன்னொருவர் அதில் நடித்து வீட்டுக்கு வீடு படமாகத் தொங்குவார். விட்டவர் பிறகு ஒரு பேட்டியில் சிரித்துக்கொண்டு, அது அவருக்கென்றே பிறந்த வேடம் என்பார். அந்தச் சிரிப்பை வரவழைக்க அவர் கண்ணாடிக்கு முன்னால் எவ்வளவு பாடுபட்டிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், லோயர் சுபாங்கி, நீங்கள் விசாரணை அறையில் என்ன நடந்தது என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டீர்கள். அங்கே தொடங்கினால் என்னை ஒரு கெட்டவன் என்று நினைத்துவிடுவீர்கள். ஒரு படத்தில் தொடங்கினால்தான் விளங்கும். உங்களுடைய தமிழ் கொஞ்சம் மெல்லிசு என்பதால் ஆறுதலாகவே சொல்கிறேன்.

என் பெயர் கிறிஸ்துநாயகம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கடற்கரைக் குறிச்சியில் கூத்து என்றால் நான்தான் ராசா. வேறு வேடம் கட்டியதில்லை. மந்திரி வேடத்துக்கு ஒருமுறை கேட்டவரோடு ஏழு வருடம் கதைக்காமல் இருந்தேன். அப்படிப்பட்டவன் ரொறொன்ரோவுக்கு வந்து இறங்கியதும் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினேன். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இங்கே உள்ள எங்கள் சனத்தில் டொக்ரரும் கோப்பை கழுவியிருக்கிறார், தபாலதிபரும் கழுவியிருக்கிறார், எல்லோரும் ஊருக்கு எழுதும்போது உத்தியோகம் என்றுதான் எழுதினார்கள்.

பிறகு அகதி வழக்குகளில் மொழிபெயர்ப்பாளர் வேலை கிடைத்தது. அந்த வேலையை நான் வணங்கினேன். வழக்குக்காரர் 'என்னை அடித்தார்கள்' என்றால், மொழிபெயர்ப்பாளரும் 'என்னை அடித்தார்கள்' என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'அவரை' என்று சொல்லக் கூடாது. யோசித்துப் பாருங்கள், காலையில் நான் ஒரு விதவை, மத்தியானம் நான் ஒரு பல்கலைக்கழக மாணவன். மேசைக்கு அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லும் இரண்டு பேர் மட்டும் பார்வையாளர்கள், ஆனால் அவர்களைப்போல் கவனமாகப் பார்த்த பார்வையாளர்கள் எனக்கு ஊரிலும் கிடைத்ததில்லை. எங்கள் சனம் வாய்க்குள் கதைக்கும். உயிர் போன கதையைப் பஸ் தவறிய கதை மாதிரிச் சொல்லும். நான் அதற்குக் குரல் கொடுத்தேன், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தினேன். கனபேருக்குக் கேஸ் சரிவந்தது. அவர்கள் போய்க் கோயிலில் தேங்காய் உடைத்தார்கள், மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினார்கள். எனக்கு ஒருவரும் ஒன்றும் கொளுத்தவில்லை.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு திலக்சன் என்று ஒரு பெடியன் என் வீட்டுக்கு வந்தான். இங்கே கல்லூரியில் படம் எடுக்கப் படித்தவன். சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அப்பார்ட்மென்ரில் பத்துப் பேரோடு இருந்துகொண்டு, பகலில் கோப்பை கழுவி, மனைவிக்குப் போன் எடுத்து 'நான் இங்க மனேச்சர்' என்று பொய் சொல்லும் ஒருவரின் கதையைப் படமாக்கப்போகிறானாம். பெயர் 'பதினெட்டாம் மாடி'.

"அங்கிள், மெயின் ரோல் நீங்கள்தான் செய்யவேணும்" என்றான்.

"ராசா கட்டின நான் கோப்பை கழுவுறதோ? வேண்டாம் தம்பி" என்றேன்.

இந்த இடத்தில் ஒரு விசயத்தை விளங்கப்படுத்த வேண்டும். எங்கள் குறிச்சியில் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் வேடம் கட்டக் கேட்டு வந்தால் முதல்தரம் வேண்டாம் என்பதுதான் மரியாதை. உடனே ஓம் என்பவன் காய்ந்துபோய்க் கிடந்தவன் என்று அர்த்தம். அண்ணாவியார் இரண்டாம்தரம் வெற்றிலையோடு வருவார், அப்போதும் தலையாட்டக் கூடாது. மூன்றாம்தரம் நாலு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நீ இல்லாவிட்டால் கூத்தே இல்லை என்பார். அதற்குப் பிறகுதான் சம்மதம். தேத்தண்ணி வேணுமா என்று கேட்டாலே முதல்தரம் வேண்டாம் என்கிற சனம் நாங்கள்.

திலக்சன் பத்து வயதில் இங்கே வந்தவன். "ஓகே அங்கிள், நோ ப்ராப்ளம்" என்றான். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் அடுத்த இரண்டு கிழமையும் பின்னேரங்களில் வெளியே போகவில்லை. அந்த மனிதன் ரெலிபோனில் எப்படி அழுவான் என்று குளியலறைக்குள் நின்று பழகியும் பார்த்தேன். பிறகுதான் மோர்னிங்சைட்டில் இருக்கும் ஜெயரட்ணம் என்ற ஒருவரை வைத்துப் படப்பிடிப்புத் தொடங்கிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ஜெயரட்ணம் ஊரில் நெல்லு மில்லில் வேலை செய்தவர். மேடை என்றால் கல்யாண மேடை மட்டும் ஏறியிருந்தார்.

படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், பார்க்காத தமிழ் வீடு இங்கே இல்லை. ஸ்காபரோவில் ஒரு தியேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள், சனம் நிலத்தில் இருந்து பார்த்தது. கைச் சவர்க்காரத்தைத் துடைத்துவிட்டு ரிசீவரைத் தூக்கி, "நான் நல்லாச் சாப்பிட்டனான், நீர் சாப்பிட்டனீரோ?" என்று அவர் கேட்கும் இடத்தில் பெண்கள் விசும்பினார்கள். அதற்குப் பிறகு பிறந்தநாள் விழாக்களில் சின்னப் பிள்ளைகள்கூட அதை நடித்துக் காட்டினார்கள். மனிதர் அதில் நடிக்கவே இல்லை என்பது என் அபிப்பிராயம். சும்மா நின்றார். சும்மா நிற்பதற்கு இவ்வளவு புகழ் என்றால் பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் எல்லோருக்கும் மாலை போடலாம்.

நான் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டேன். பலசரக்குக் கடையில், பூசை முடிந்து வரும் வாசலில், கல்யாண வீடுகளில், அந்த வேடத்துக்கு முதலில் என்னைத்தான் கேட்டார்கள், நான்தான் விட்டுக்கொடுத்தேன் என்று சாதாரணமாகச் சொன்னேன். அப்போதுதான் ஒரு அதிசயம் நடந்தது. இந்த நகரத்தில் அந்த வேடத்தை மறுத்தவர்கள் பெருகத் தொடங்கினார்கள். காப்புறுதி விற்கும் ஸ்ரீஸ்கந்தராசா மறுத்திருந்தார். கார் திருத்தும் வின்சன்ற் நேரமில்லாமல் மறுத்திருந்தார். ஸ்ரௌவ்வில் பக்கம் காணி பார்த்துத் திரிந்த குஞ்சித்தம்பி, மனைவி விரும்பாததால் மறுத்தாராம். மாரி முடிவதற்குள் ஒரு பஸ் நிறைய ஆட்கள் மறுத்துவிட்டார்கள். நான் வாயைத் திறந்தால் சனம் "ஓமோம், நீங்களுமோ?" என்று சிரித்தது.

கடைசியில் திலக்சனை வானொலியில் பேட்டி கண்டார்கள். நேயர் ஒருவர் நேரடியாகவே கேட்டார். "இல்லை, தொடக்கத்திலயிருந்தே ஜெயரட்ணம் அங்கிளைத்தான் மைன்ட்ல வச்சு எழுதினனான்" என்றான் பெடியன். பேட்டி என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். நான் வானொலியை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டேன். மனத்தில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றாறு சித்திரையில் என்னை ஒரு விசாரணைக்கு அழைத்திருந்தார்கள். அறைக்குள் போனால் ஜெயரட்ணம். கல்யாணத்துக்கு வாங்கியது மாதிரி ஒரு கோட், அதற்குக் கொஞ்சமும் பொருந்தாத கழுத்துப்பட்டி. ஊரே கொண்டாடிய மனிதருக்கு இன்னமும் இங்கே இருக்க அனுமதி இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். மனைவி குணவதியும் மகள் அட்சயாவும் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார்கள். கேஸ் சரிவந்தால் அவர்களைக் கூப்பிடலாம். சரிவராவிட்டால் இவர் அங்கே போக வேண்டும்.

இவரைத் தெரியுமா என்று என்னைக் கேட்டார்கள். இல்லை என்றேன். ஒரே மேடையில் நாங்கள் ஒருநாளும் நின்றதில்லை, ஆகவே அது பொய் அல்ல.

ஊரில் இராணுவ முகாமில் நடந்ததைச் சொல்லச் சொன்னார்கள். ஜெயரட்ணம் வழமைபோலச் சும்மா இருந்து, மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "காலைக் கட்டித் தலைகீழாத் தூக்கிப்போட்டு உள்ளங்காலில அடிச்சவங்கள். பக்கத்து அறையில என்ர தம்பி கத்திக்கொண்டு இருந்தவன். பிறகு அவன்ர சத்தம் நிண்டுட்டுது."

நான் ஆங்கிலத்தில், 'என்னைத் தடுத்துவைத்து விசாரித்தார்கள். என் தம்பியும் அங்கே இருந்தான்' என்றேன்.

நீங்கள் கசெற்றில் கேட்டிருப்பீர்கள். அறையில் எல்லாம் பதிவாகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கசெற்றைத் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நான் பொய் ஒன்றும் சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தடுத்துவைத்தது உண்மை. விசாரித்தது உண்மை. தம்பி அங்கே இருந்ததும் உண்மை. மற்றவர்களுக்கு என் சொந்தத் திறமையைச் சும்மா கொடுத்துவந்தேன், இவருக்குக் கொடுக்கவில்லை. இவர்தான் திறமைசாலி ஆயிற்றே.

ஏன் திரும்பிப் போகப் பயம் என்று கேட்டார்கள். "அவங்கள் என்ர முகத்தை மறக்க மாட்டாங்கள்" என்றார். 'என் முகம் எல்லோருக்கும் தெரியும், நான் ஒரு நடிகன்' என்று நான் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார். நீங்கள் நடிகரா என்று கேட்டார். நான் அதைச் சொல்லுக்குச் சொல் தமிழில் கேட்டேன். இதற்கு ஏன் இந்தக் கேள்வி என்று ஜெயரட்ணத்துக்கு விளங்கவில்லை. ஆனால் அவ்வளவு நேரத்தில் அவரிடம் கேட்கப்பட்ட ஒரே நல்ல கேள்வி அதுதான்.

"ஓம், ஒரு படத்தில நடிச்சனான். சனம் நல்லெண்டு சொன்னது" என்று சொல்லிச் சிரித்தார்.

தம்பியின் சத்தம் நின்று கால் மணித்தியாலம் ஆகவில்லை, மனிதர் சிரித்தார். அதன் பிறகு அவர் அழுதபோது அந்த இருவரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அவருடைய லோயர், ஒரு வெள்ளைக்காரர், வழக்குக் கோப்பின் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

முடிந்து வெளியே வந்ததும் ஜெயரட்ணம் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, உங்களைக் கண்ட பிறகுதான் எனக்குப் பயம் தெளிஞ்சது. நீங்கள் வடிவாச் சொல்லியிருப்பியள்" என்றார். வேண்டாம் என்றும் விடாமல் கோப்பி வாங்கித் தந்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது குரலைத் தாழ்த்தி, "அண்ணை, அந்த வேசத்துக்கு முதல்ல உங்களைத்தான் கேட்டவை எண்டு எனக்குத் தெரியும். திலக்சன் என்னட்டச் சொன்னவர். ரேடியோவில அப்பிடிச் சொன்னது பிழை எண்டு நான் அவரோட சண்டை பிடிச்சனான். என்னட்டக் கேக்கிற ஆக்களுக்கு நான் உண்மையைத்தான் சொல்லுறன். அது உங்கட வேசம் அண்ணை" என்றார்.

இந்த நகரத்தில் என்னை நம்பிய ஒரே ஆள். கோப்பி சூடாக இருந்தது. நான் "உதெல்லாம் இப்ப என்னத்துக்குத் தம்பி" என்றேன்.

முடிவு வர நான்கு மாதம் எடுத்தது. அதற்குள் உங்களைப்போன்ற யாராவது என்னிடம் வந்து மொழிபெயர்ப்பில் ஏதும் பிழையா என்று கேட்டிருந்தால் நான் யோசித்திருப்பேன். ஒருவரும் வரவில்லை. கேட்காத இடத்தில் போய்ச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. சொல்லியிருந்தால் என் வேலை போயிருக்கும், நான் அந்த அறையில் இல்லாவிட்டால் விதவைகளுக்கும் மாணவர்களுக்கும் யார் குரல் கொடுப்பது? வழக்குக்காரர் தொழிலாலேயே உணர்ச்சியை நடித்துக் காட்டக்கூடியவர், அவருடைய அழுகையை நம்ப இயலவில்லை என்று தீர்ப்பில் இருந்ததாகப் பிறகு அறிந்தேன். ஒருவகையில் அவருக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதுதான் பெரியது.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் அனுப்பினார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவரை இரண்டு பேர் கூட்டிக்கொண்டு போனார்கள் என்றும், அதற்குப் பிறகு தகவல் இல்லை என்றும் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். குணவதி ஒவ்வொரு முகாம் வாசலாக அவருடைய படம் ஒன்றைக் காட்டிக்கொண்டு திரிகிறாராம். குணவதியிடம் இருந்ததில் கிட்டடியில் எடுத்த படம் அது ஒன்றுதானாம், ஏப்பிரன் கட்டிக்கொண்டு கையில் கோப்பையோடு நிற்கும் படம். வாசலில் நிற்பவர்கள் இந்தக் கோப்பை கழுவுகிறவன் யார் என்று கேட்டுச் சிரிக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது உங்கள் குரல் தழுதழுத்தது. நிறுத்த வேண்டிய இடத்தில் நீங்கள் நிறுத்தவில்லை.

ஆம், வேண்டுமென்றுதான் செய்தேன். ஒவ்வொரு சொல்லையும் தெரிந்துகொண்டே விட்டேன். அந்த மனிதரைத் திருப்பி அனுப்பினால் என்ன செய்வார்கள் என்பது எனக்குத் தெரியும். நூற்றுக்கணக்கான தடவை அதை என் வாயாலேயே ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். பொறாமை என்று நீங்கள் எழுதியிருப்பதையும் அப்படியே விடுங்கள், உங்களுக்கு வேறு சொல் கிடைக்காவிட்டால் நான் என்ன செய்வது.

என் வாக்குமூலம் என்று நீங்கள் வாசித்துக் காட்டியதெல்லாம் சரி. கையெழுத்து வைக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது, அதைத் திருத்தாமல் வைக்க மாட்டேன். 'ஜெயரட்ணத்துக்குக் கிடைத்த வேடம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு, 'கிறிஸ்துநாயகம் மறுத்த வேடம்' என்று எழுதுங்கள். சாட்சி வேண்டுமென்றால் ஜெயரட்ணத்தைக் கேளுங்கள்.