அரை அங்குல வாட்டம்

வீடு கட்டுவதில் தரை போடும் வேலையைப் போல மனிதனைச் சோதிப்பது வேறொன்றும் இல்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. சுவர் கோணலாக இருந்தால் அலமாரியை வைத்து மறைக்கலாம். கதவு இறுகினால் மழைமேல் பழியைப் போடலாம். தரை அப்படியில்லை. அது காட்டிக்கொடுத்துவிடும்.

பேருந்துப் பணிமனையில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். முப்பத்துநான்கு வருடத்தில் ஒரு வண்டிகூட ஒரு நிமிடம் பிந்திப் போனதில்லை என்று கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். வாக்குமூலம் என்பதால் திருத்திக்கொள்கிறேன்: தினமும் நாலைந்து வண்டி பிந்தித்தான் போயின. கடுகைப் பூசணிக்காயாக்கிச் சொல்வதில் எனக்கு ஒரு பரமானந்தம். என் மனைவி நான் சொல்வது எதையும் பத்தால் வகுத்துத்தான் காதில் வாங்குவாள். இன்று நீங்கள் வகுக்க வேண்டாம்.

கூடத்துத் தரை முடிந்த அன்று சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போன் போட்டேன். "தரையில தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம முழிச்சிக்கிட்டு நிக்குது" என்றேன். அதைக் கேட்டுத்தான் சகலை வந்தார். சகலை என்றால் என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். இறந்துபோனவர்.

அவருக்கு ஒரு வழக்கம். புது வீடு எதற்குள் நுழைந்தாலும் சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்துத் தரையில் வைப்பார். அது உருண்டால், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, குனிந்து, அதன் பின்னாலேயே போவார். நிற்கும்வரை கண்ணை எடுக்கமாட்டார். ஒரு வீட்டில் ஜன்னல் கம்பியில் நெற்றி இடித்துப் புடைத்துவிட்டது. அப்போதும் கோலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கூடத்திலும் வைத்தார். கோலி கொஞ்சம் யோசித்தது. பிறகு பெயின்டரின் ஏணிக்கு அடியில் புகுந்து, எதிர்ச் சுவரில் போய் டக்கென்று முட்டியது.

"சகலை, இத்தனை வருஷம் பஸ்ஸோட இருந்திருக்கீங்க. வீட்டுக்கு ஒரு ஹேண்ட்பிரேக் போட்டிருக்கக் கூடாதா" என்றார்.

பெயின்டர் ஏணியிலிருந்து விழாத குறை. கூட வந்திருந்த அண்ணி, அதாவது என் மனைவியின் அக்கா, சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. நாலே நாளில் 'ஹேண்ட்பிரேக் வீடு' என்ற பெயர் எனக்கு முன்னால் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

தரை போட்ட மேஸ்திரியைக் கூப்பிட்டு எல்லோர் முன்னிலும் திட்டினேன். என்னைவிடப் பத்து வயது பெரியவர்.

"டியூப்ல மட்டம் பாத்துத்தானே ஐயா போட்டோம். ஒரு முனைய நீங்கதானே புடிச்சீங்க."

"உன் கோணலுக்கு என்னைச் சாட்சிக்கு இழுக்காத" என்றேன்.

அவர் மாடிக்குப் போய் வேலையைப் பார்த்தார். பால்கனிக்குக் கைப்பிடிக் கம்பி வர இன்னும் ஒரு வாரம் ஆகும் என்பதால், குறுக்கே இரண்டு மூங்கிலை வைத்துக் கட்டி, ஒரு சிவப்புத் துணியும் முடிந்தார். இறங்கி வந்து சொன்னார்: "பால்கனித் தரைக்கு வெளிப்பக்கமா அரை இஞ்சு வாட்டம் குடுத்திருக்கேன் ஐயா. மழைத்தண்ணி நிக்காம ஓடிடும்."

அந்த வாக்கியம் என்னோடு தங்கிவிட்டது.

கடையில் ஒரு கோலிக்குண்டு வாங்கினேன். "பேரனுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். ஆமாம் என்றேன். எனக்குப் பேரன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, வேலையாட்கள் வராத நாள். காலையில் நான் மட்டும் போனேன். பால்கனி வாசற்படியில் கோலியை வைத்துவிட்டேன். மூங்கிலுக்கு அடியில் புகுந்து கீழே விழுந்தது. இறங்கிப் போய் எடுத்துவந்து மறுபடி வைத்தேன். மூன்று முறை. மூன்று முறையும் ஏழு வினாடி. நேரம் பார்ப்பதில் மட்டும் நான் மிகைப்படுத்துவதில்லை.

பிறகு மூங்கிலை அவிழ்த்தேன். மேஸ்திரியின் முடிச்சு சாமானியமாக அவிழவில்லை. கால் மணி நேரம் ஆனது, நகம் ஒன்று பெயர்ந்தது. இதோ பாருங்கள். அந்தச் சிவப்புத் துணியும் இதோ. மடித்து வைத்திருக்கிறேன்.

பத்து மணிக்கு மனைவியோடு அண்ணியும் சகலையும் வந்தார்கள். அக்கா தங்கை இருவரும் சமையலறையில் அலமாரி எங்கே வரவேண்டும் என்று வழக்காடத் தொடங்கினார்கள்.

"சகலை, கூடத்தை விடுங்க. மாடியில வெச்சுப் பாருங்க உங்க கோலிய. அங்க உருண்டா மீசைய எடுத்துடறேன்."

"எடுக்க அங்க என்ன இருக்கு" என்றார். என் மீசை கொஞ்சம் மெலிவுதான்.

வாசற்படியில் கோலியை வைத்தார். கைகளைப் பின்னால் கட்டினார். குனிந்தார்.

"ஓடுது சகலை. இதுவும் ஓடுது" என்றார். குழந்தை மாதிரி ஒரு சந்தோஷம் குரலில். நான் வாசற்படியில் நின்றேன். கீழே, சமையல் மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய கல் பலகைகளை அடுக்கி வைத்திருந்தோம்.

ஏழு வினாடியில் "நில்லுங்க" என்று எத்தனை முறை சொல்லலாம் என்று பிறகு சொல்லிப் பார்த்தேன். ஒன்பது முறை.

நீங்கள் வந்து விசாரித்தபோது, கயிறு தளர்ந்திருக்கும் என்றேன். மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனீர்கள். இன்றோடு ஒன்பது நாள்.

அண்ணி எங்களோடுதான் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் கேட்டார்கள்: "கடைசியா அவர் என்ன சொன்னார்?"

"வீடு நல்லா வந்திருக்கு சகலைன்னு சொன்னார், அண்ணி."

அவர்கள் அதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அழுகிறார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டுகிறேன். என் வாழ்நாளில் நான் சொன்னதை வகுக்காமல் எல்லோரும் நம்பியது அந்த ஒன்றைத்தான்.

நேற்று மேஸ்திரியின் மனைவி வந்தார். படியில்கூட உட்காரவில்லை.

"சமையல்கட்டுப் படி பூசுறது பாக்கி இருக்காம். வேற ஆளு வெக்க வேணாம், வந்து முடிச்சுத் தர்றேன்னு சொல்லச் சொன்னாரு. பால்கனிப் பக்கம் யாரும் போவாமப் பாத்துக்கச் சொன்னாரு." போகத் திரும்பியவர் மறுபடி என் பக்கம் வந்தார். "அவரு போட்ட முடிச்சு தானா அவுராதுங்க ஐயா. உங்களுக்கும் தெரியும். அத மட்டும் ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவர் செருப்பு அறுந்திருந்ததும் ஊக்கு மாட்டியிருந்ததும்தான் தெரிந்தது. அதனால் வந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஐயா. ஒரு கோலிக்குண்டுக்காக ஒரு மனிதரைக் கொன்றேன். திட்டம் போட்டு, ஒத்திகை பார்த்து, கூப்பிட்டுக் கொண்டுபோய்க் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மேஸ்திரியை இப்போதே விட்டுவிடுங்கள்.

பேனாவை மூடிவிட்டீர்களா? அப்படியானால் ஒன்று சொல்கிறேன். மட்டம் பார்க்கிற டியூபில் தண்ணீர் நிரப்பி ஆளுக்கொரு முனையைப் பிடிப்பார்கள். இரண்டு முனையும் திறந்திருக்க வேண்டுமாம், அப்போதுதான் தண்ணீர் சரியான மட்டம் காட்டும். அது அப்போது எனக்குத் தெரியாது. சட்டை நனையக் கூடாதென்று என் முனையைக் கட்டைவிரலால் மூடிப் பிடித்திருந்தேன். கூடம் சாய்ந்தது அதனால்தான். சகலை சொன்னது சரி.

இதை மட்டும் எழுதாதீர்கள். என் மனைவி இதையும் படிப்பாள். தரை விஷயத்தில் பழி மேஸ்திரி பேரிலேயே இருக்கட்டும்.