பகலில் எரியும் நூறு வாட்

— ஊசியைப் பாருடி, செல்வாம்பா! வீட்ல ஒரு லைட்டு எரியல, ரேடியோவும் நிறுத்தியாச்சு. அப்புறம் எதுக்கு இந்த அம்மீட்டர் அரை ஆம்பியர்ல நின்னு முழிக்குது?

— பள்ளிக்கூடத்து சாமான்தானே. பிள்ளைங்க கைபட்டுக் கெட்டிருக்கும்.

— கெட்டது அது இல்ல, இந்த ஊரு! பிரெஞ்சுக்காரன் கப்பலேறி நாலு வருஷம் ஆகல, அதுக்குள்ள கரண்டு திருட வந்துட்டானுங்க. அதுவும் யாரு வீட்ல? ஊரே முசே, முசேன்னு கும்புடற ஃபிசிக்ஸ் வாத்தியார் வீட்ல!

— அரை ஆம்பியர்னா சொற்பம்தானே? போவட்டும், வுடுங்க.

— சொற்பமா? வோல்ட்டு இருநூத்தி இருபது. அரையால பெருக்கு, நூத்திப்பத்து வாட். அதே வோல்ட்டை அரையால வகுத்தா ரெசிஸ்டன்ஸ் நானூத்தி நாப்பது ஓம். நூறு வாட் பல்பு ஒண்ணு, வேற என்ன? பட்டப்பகல்ல விளக்கு எரிக்கிறான், தத்தி! திருடத் தெரிஞ்சவனுக்கு மேல சூரியன் இருக்கிறது தெரியல.

— எங்க போறீங்க?

— தோட்டத்துக்கு. இதோ தெரியுது பாரு, ஒயர் வாதாமரத்துல ஏறி, சுவரைத் தாண்டி, ஆயம்மா கொட்டாய்க்குள்ள எறங்குது. மீன் விக்கிறவளுக்குப் பகல்ல நூறு வாட்டு எதுக்கு? வஞ்சிரத்துக்குப் பாடம் நடத்துறாளா?

— அந்த கட்டிங் பிளேயரைக் கீழ வைங்க. ஒயரை இழுக்கச் சொன்னதே நான்தான்.

— நீயா?

— வைத்திக்குப்பத்து மாப்பிள்ளை வந்து இழுத்தாரு.

— மாப்பிள்ளையா! எவனுக்குடி மாப்பிள்ளை? வலை இழுக்கிறவன் பின்னால அவ போன அன்னிக்கே தலை முழுவியாச்சு.

— முழுவினது நீங்க. நான் பெத்தவ. எம்பொண்ணு அந்தக் கொட்டாய்லதான் இருக்கா.

— ஓகோ! துரைசாணிக்குப் பகல்லயும் வெளிச்சம் கேக்குதோ? ஃபியூசையே புடுங்குறேன், இருட்டுல கெடக்கட்டும்.

— அது வெளிச்சத்துக்கு இல்லீங்க. கொழந்தை ஏழாம் மாசத்துலயே பொறந்துடுச்சு. உள்ளங்கை அளவுதான் இருக்கு, ஒடம்புல சூடே நிக்கல. பழப்பெட்டியில பஞ்சைப் பரப்பி, மேல பல்பைத் தொங்கவுட்டு வச்சிருக்கோம். இப்ப புடுங்குங்க, பாப்போம்.

— ஏழாம் மாசமா...? பல்பு எவ்வளவு உயரத்துல தொங்குது?

— ஒரு சாண்.

— ஒரு சாணா! நூறு வாட்டை ஒரு சாண்லயா? அறிவுகெட்ட ஜென்மங்களா, வெந்துடும்டி!

— எறக்குனா தோல் செவக்குது, ஏத்துனா சில்லுனு ஆவுது. அவ கண்ணு மூடாம கயித்தை ஏத்தி எறக்கிக்கிட்டு கெடக்குறா.

— கெடப்பா, கெடப்பா! நான் பாடம் நடத்தையில ஜன்னல் வழியா கடலைப் பாத்துக்கிட்டு இருந்தவதானே! ரெண்டு பல்பை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா கட்டினா ரெசிஸ்டன்ஸ் ரெட்டிப்பு, கரண்டு பாதி. மொத்த சூடும் பாதியாவும், ரெண்டு பக்கமும் இதமா பரவும். இது கூடத் தெரியல, தத்தி!

— இன்னொரு நூறு வாட்டுக்கு நான் எங்க போவேன்?

— என் படிக்கிற ரூம்ல இருக்கே, கண்ணு தெரியலையா? அதைக் கழட்டி எடுத்துக்கிட்டு வா, நான் முன்னால போறேன். இனிமே நான் இருட்டுல கெடக்குறேன்.