முட்டைகளை விட்டு ஓடாதது

பிளாஸ்டர் மாவில் தண்ணீரை ஊற்றிவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது, ஐயா. பத்தே நிமிடத்தில் கல்லாகிவிடும். முப்பது வருடமாக இந்த வேலையில்தான் என் கை காய்த்துப்போயிருக்கிறது. தோண்டிய எலும்பின்மேல் சாக்குத்துணியைச் சுற்றி, பிளாஸ்டர் பூசி, உடையாமல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பேன்.

அன்று கிடைத்தது சாதாரண எலும்பு இல்லை. முட்டைகளின்மேல் படுத்தபடியே புதைந்துபோன டைனோசர். இரண்டு கைகளையும் விரித்து முட்டைகளை அணைத்துக் கிடந்தது. பல கோடி வருடங்களுக்கு முன்பு மணல் சரிந்தபோது எழுந்து ஓடியிருக்கலாம். ஓடவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இப்படி அழலையே அண்ணே," என்று தம்பி கிண்டல் செய்தான்.

அது உண்மையில்லை. அம்மா போனபோது அவனுக்கு நாலு வயது. தூக்கி வளர்த்தவன் நான். இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் நான்தான்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் எல்லாம் கரைந்துவிடும். பூச்சு வளையாமலிருக்க அடியில் வைக்க ஒரு பலகை குறைந்தது. தம்பி பக்கத்துக் குழிக்குள் உட்கார்ந்து உளிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் மண்சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்த பலகையை மேலிருந்து உருவினேன். அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் வாதாடுவான், நேரம் போகும்.

சுவர் சரிந்தபோது என் இரண்டு கையிலும் பிளாஸ்டர். அவனுக்குக் கழுத்து வரை மண்.

"அண்ணே, மூச்சு விட முடியல. மண்ணைத் தள்ளு."

"இருடா, இதோ முடிச்சிட்டு வர்றேன்."

பாதியில் விட்டிருந்தால் முட்டைகள் நொறுங்கியிருக்கும். அவன் இன்னும் இரண்டு முறை கூப்பிட்டான். அந்தக் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. கடைசித் துணியை ஒட்டி, ஓரத்தை வழித்துவிட்டுத்தான் இறங்கினேன். ஒரு முட்டைகூட உடையவில்லை.

இப்போது அது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தம்பி மனைவி ஒரே ஒரு முறை பார்க்க வந்தாள். நான் மண்ணைத் தள்ளிக்கொண்டிருக்கும்போதே அவன் உயிர் போய்விட்டது என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தேன். மணல் சரிந்தும் தாய் தன் முட்டைகளை விட்டுப் போகவில்லை என்று பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நீங்களும் கடைசி வரைக்கும் அவரை விட்டுப் போகலையே மாமா."

ஆமாம் என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லையே, ஐயா. அவன் மூச்சு நிற்கும்வரை நான் ஆறடி தூரத்தில்தான் இருந்தேன்.